பைண்டு புத்தகத்துப் பொன்மலை

திருச்சி பொன்மலையில் நாங்கள் கடிகாரம் பார்த்து வாழ்ந்ததாக நினைவில்லை. எல்லாம் சங்குதான். ரயில்வே பணிமனையின் காலைச் சங்கு முதல்முறை ஊதும்போது சோறு வடித்திருக்க வேண்டும். அடுத்தது ஊதுவதற்குள் சைக்கிள் ஹேண்டில்பாரில் தூக்கு தொங்க வேண்டும். சாயங்காலச் சங்கு ஊதிவிட்டால் ஆர்மரி கேட் பக்கமிருந்து சைக்கிள்கள் தெருவை அடைத்துக்கொண்டு வரும். அந்த மணிச்சத்தம் தூரத்தில் கேட்டதுமே வீட்டுக்கு வீடு அடுப்பில் காபிக்குத் தண்ணீர் ஏறும். இந்தச் சங்குகளுக்கு நடுவே இருந்த பகல் பெண்களுடையது. நான் வாசிக்கக் கற்றதும் எழுதத் துணிந்ததும் அந்தப் பகலில்தான்.

1981-ல் கல்யாணமாகி லால்குடியிலிருந்து அங்கே வந்தேன். இவர் பணிமனையில் ஃபிட்டர். குவார்ட்டர்ஸ் வீடு: ஒரு கூடம், ஓர் அறை, அடுக்களை, பின்னால் கொல்லை, கொல்லையில் வேப்பமரம். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய இவருடைய உடுப்பை சலவை சோடா போட்டு ஊறவைத்துவிட்டு, அது இளகுகிற நேரத்தில்தான் புத்தகத்தைக் கையில் எடுப்பேன். அங்கே பெண்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வீட்டுக்காரர் வேலை பார்க்கும் ஷாப்தான் வீட்டுக்கும் பெயர். பாய்லர் வீட்டு அக்கா, ஃபவுண்டரி அத்தை, பெயிண்ட் ஷாப் மாமி. அப்படித்தான் நான் ஃபிட்டர் வீட்டுப் பொண்ணு ஆனேன்.

நான் அத்தை என்று கூப்பிடும் என் மாமியார் மட்டும் தன்னைப் பொன்மலைக்காரி என்று கடைசிவரை சொல்லிக்கொண்டதில்லை. தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் பணிமனை முதலில் நாகப்பட்டினத்தில்தான் இருந்தது. 1928-ல் அதைப் பொன்மலைக்கு மாற்றினார்கள். இயந்திரங்கள் வந்தன. அவற்றோடு அவற்றை ஓட்டத் தெரிந்தவர்களும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அத்தையின் அப்பா அப்படி வந்த ஒரு மோல்டர். அத்தைக்கு அப்போது ஆறு வயது. அறுபது வயதிலும், “எங்க ஊர்ல கடல் இருக்கு” என்றுதான் பேச்சைத் தொடங்குவார்.

எங்கள் வரிசையில் பத்திரிகைகளுக்கு ஓர் ஏற்பாடு உண்டு. கல்கி எங்கள் வீடு. விகடன் பாய்லர் வீடு. குமுதம் கோடி வீட்டில் வாங்குவார்கள். பெயிண்ட் ஷாப் மாமி கலைமகள். பிள்ளைகளுக்கு அம்புலிமாமாவும் கோகுலமும் யார் வீட்டிலாவது வந்துகொண்டிருக்கும். ஒரு வீட்டுச் சம்பளத்தில் ஒரு பத்திரிகை வாங்குவதே அதிகம். சுற்றுக்கு விட்டதால் எல்லா வீட்டுக்கும் எல்லாமே கிடைத்தது. தொடர்கதைப் பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொள்ளும் உரிமை வாங்கிய வீட்டுக்கு. ஆனால் கடைசி வீடு படித்து முடித்து இதழ் திரும்பி வந்த பிறகுதான் கிழிக்கலாம். இந்தச் சட்டத்தை யாரும் மீறிப் பார்த்ததில்லை.

கிழித்ததைச் சேர்த்துத் தைப்பதில் அத்தை கைதேர்ந்தவர். அதை விவரமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். இன்று அந்த வேலை தெரிந்த பெண்கள் அருகிவிட்டார்கள். முதலில் கம்பிப் பின்னை நகத்தால் நிமிர்த்தி, தாள் கிழியாமல் உருவ வேண்டும். அத்தியாய வரிசைப்படி அடுக்கி, ஓரம் தட்டி, இரண்டு பலகைக்கு நடுவே வைத்து மேலே அம்மிக்குழவியை ஏற்றி இரண்டு நாள் விட்டுவிடுவார். பிறகு சாக்குத் தைக்கும் கோணூசியால் துளை போட்டு, மெழுகு தடவிய நூலால் தைப்பார். மைதாப் பசை காய்ச்சும்போது துளி மயில்துத்தம் கலப்பார். அது கலந்தால் பூச்சி அண்டாது. பிள்ளைகள் அந்தப் பாத்திரத்தின் பக்கம் போகவே கூடாது. முதுகுக்குக் காடாத்துணி, அட்டைக்குப் பழைய காலண்டர் அட்டை, மேலே காலிகோ. இப்படிக் கட்டிய ஒரு புத்தகத்தைப் பிரித்தால் நடுவில் பல்பொடி விளம்பரமும், பாதியில் அறுந்த துணுக்கும், வேறொரு கதையின் கடைசிப் பத்தியும் இருக்கும். அந்த வாரம் அப்படியே உள்ளே இருக்கும் என்பதால் எனக்கு அச்சடித்து வரும் பதிப்பைவிட அதுதான் பிடிக்கும்.

பொன்னியின் செல்வன் 1950 அக்டோபர் கடைசியில் கல்கியில் தொடங்கி 1954 வரை வந்தது. அத்தை அப்போது கைக்குழந்தைக்காரி. ஐந்து பாகத்தையும் ஐந்து கட்டாகத் தைத்து வைத்திருந்தார். மணியத்தின் ஓவியங்கள் மேல் கறை படாமல் இடையிடையே எண்ணெய்த்தாள்கூட வைத்திருந்தார். அந்தக் கட்டுகளை நான் முதன்முதலில் பரணிலிருந்து இறக்கியபோது கதையைப் படிக்கத்தான் பிரித்தேன். ஆனால் என்னை நிறுத்தியது அட்டையின் உள்பக்கம்.

அதில் பென்சிலால் அத்தையின் கையெழுத்து. பிள்ளைகள் பிறந்த நாள், நட்சத்திரம், நாழிகை. பால் கணக்கு. எந்தக் கட்டு எந்த வீட்டுக்குப் போயிருக்கிறது என்ற விவரம். இடம் போதாமல் அத்தியாயங்களின் ஓரத்துக்கும் எழுத்து நகர்ந்திருந்தது. அருள்மொழிவர்மன் காய்ச்சலோடு நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்தில் மறைந்திருப்பதும், புயலில் கடல் ஊருக்குள் ஏறுவதும் கதையில் வரும் அல்லவா? அந்தப் பக்கத்தின் ஓரத்தில், “எங்க ஊர்” என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். கீழே இன்னொரு வரி: “போன கார்த்திகைப் புயல்ல பெரியப்பா வீட்டு ஓடு பூரா போச்சு.” 1952 நவம்பர் கடைசியில் நாகப்பட்டினத்தை நிஜமாகவே ஒரு பெரும்புயல் தாக்கியது. கல்கி எழுதிய புயலுக்குப் பக்கத்தில் அத்தை தன் ஊர்ப் புயலை எழுதி வைத்திருந்தார்.

மூன்றாம் பாகத்தின் பின்னட்டையில் இருந்தது வேறு. 1974 மே 8-ல் நாடு முழுக்க ரயில்வே வேலைநிறுத்தம் தொடங்கியது. மே 27 வரை நீடித்தது. 1946 செப்டம்பர் 5 துப்பாக்கிச்சூட்டில் ஐந்து தொழிலாளர்களைப் பறிகொடுத்த பொன்மலை இதில் ஒதுங்கி நிற்குமா? ஆண்கள் கைதானார்கள், இல்லையென்றால் தலைமறைவானார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லி மிரட்டல் வந்தது. வீட்டுக்குள் இருந்தது பெண்களும் பிள்ளைகளும்தான். அத்தை எழுதியிருந்தது இவ்வளவே: “மே 8 ஸ்டிரைக். அவுக வீட்டுக்கு வரல. ராத்திரி போலீஸ் கதவ தட்டிச்சு. அரிசி ரெண்டு படி, ஃபவுண்டரி வீடு. திருப்பணும்.” கடைசி வரியை மட்டும் பிற்பாடு வேறு மையால் அடித்து, “ஆவணியில குடுத்தாச்சு” என்று சேர்த்திருந்தார்.

அந்த வேலைநிறுத்தத்தைப் பற்றித் தலைவர்கள் எழுதியவற்றையும் பின்னாளில் படித்தேன். அவற்றில் இல்லாதது அந்த இரண்டு படி அரிசி.

எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது இந்த ஓரங்களைப் படித்த பிறகுதான். துணிச்சல் தந்தவர்கள் இருவர். ராஜம் கிருஷ்ணன் எங்கள் ஜில்லா முசிறியில் பிறந்தவர். பதினைந்து வயதில் கல்யாணமாகி, பள்ளிக்கூடப் படிப்பு நின்றும், பிறகு உப்பளத்திலும் மலைக்கிராமத்திலும் தங்கி அங்கிருந்தவர்களின் பாட்டை நாவலாக எழுதினார். லக்ஷ்மியோ மருத்துவக் கல்லூரிக்குப் பணம் கட்ட விகடனுக்குக் கதை எழுதியவர். இருவரையும் பற்றிப் பெயிண்ட் ஷாப் மாமி சொல்லச் சொல்ல, காவிரிக்கரைப் பெண்ணுக்கு இது முடியும் என்று மனதில் விழுந்துவிட்டது.

தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுவேன். ஒரு தாளில் ஒரு காட்சிதான் அடங்கும். அதனால் வளவளவென்று எழுத வழியே இல்லை. கதை முடிந்ததும் வெள்ளைத்தாளில் ஒரு பக்கம் மட்டும் எழுதி, தபால்தலை ஒட்டிய சுயவிலாச உறையையும் வைத்து அனுப்ப வேண்டும். அந்த உறை திரும்பி வரும்போது தபால்காரர் எங்கள் வீட்டு வாசலில் நிற்பதை வரிசையே பார்க்கும். ஒருவரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். சாயங்காலம் பாய்லர் வீட்டு அக்கா மட்டும் ஒரு கிண்ணத்தில் ஏதாவது பலகாரம் கொண்டுவந்து வைத்துவிட்டு, “அடுத்தது என்ன எழுதுற?” என்பார். நல்ல விமர்சகர் எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் எனக்கு அவர் முகம்தான் தெரியும்.

முதலில் என்னை ஏற்றுக்கொண்டது திருச்சி வானொலி. 1939-லிருந்து காவிரிப் பக்கத்து வீடுகளில் பேசிக்கொண்டிருந்த நிலையம் அது. மகளிர் நிகழ்ச்சியில் என் கட்டுரையைப் படித்த அன்று எங்கள் கூடத்தில் உட்கார இடமில்லை. மாமியார்கள் சேர்த்து வைக்கும் பழந்துணி பற்றிய கட்டுரை அது. முடிந்ததும் எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். அவர், “கிழிஞ்ச வேட்டியப் பத்தி ஒரு வரி விட்டுட்ட” என்றார். அவர் சொன்னது சரி.

அத்தைக்குக் கண் மங்கிய பிறகு என் மகள்தான் அவருக்குக் கண். பள்ளிக்கூடம் விட்டு வந்து, தின்பண்டத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு, பைண்டு புத்தகத்தை மடியில் விரித்து, அப்பாயிக்குப் படித்துக் காட்டுவாள். சொல்லை விழுங்கினால் அத்தை நிறுத்திவிடுவார். பக்கம் பக்கமாக அவருக்கு மனப்பாடம். “அப்பாயி, இங்க ஓரத்துல நீங்க எழுதியிருக்கீங்க, அதையும் படிக்கவா?” என்று மகள் ஒருநாள் கேட்டாள். “அத முதல்ல படி” என்றார் அத்தை. ஆதித்த கரிகாலனும் அரிசிக் கணக்கும் ஒரே குரலில் அந்த வீட்டில் ஒலித்தன. மகள் இன்று ஆசிரியை. தன் பிள்ளைக்கு உரக்கப் படிக்கிற வழக்கத்தை விடவில்லை. பிள்ளைகளுக்கு வாசிப்பு எப்படி வரும் என்று என்னிடம் கேட்கிற இளம் தாய்மார்களுக்கு நான் தரும் ஒரே யோசனை இதுதான்: வீட்டில் கண் மங்கிய பெரியவருக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். படித்தது ஒருவருக்குத் தேவைப்பட்டது என்று தெரிந்த பிள்ளை அதை விடாது.

இவர் ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸை ஒப்படைத்தோம். நீராவி இன்ஜின் காலம் முடிந்து டீசலும் மின்சாரமும் வந்துவிட்டன. பணிமனை இன்னும் இயங்குகிறது. எங்கள் வரிசையில் இப்போது பூட்டிய வீடுகள்தான் அதிகம். கொல்லை வேம்பு நிற்கிறது. அந்த வரிசையை நினைக்கும்போது எனக்கு வருத்தம் வீடுகளுக்காக இல்லை. வீடு காலி செய்த ஒவ்வொருவரும் பரணில் இருந்ததைப் பழைய பேப்பர்க்காரர் தராசில் போட்டுவிட்டுப் போனார்கள். ஃபவுண்டரி அத்தை தைத்த கட்டுகள் அப்படித்தான் போயின. எங்களுக்குக் கடனாகத் தந்த அந்த அரிசி அவர் கணக்கில் எப்படி எழுதப்பட்டிருந்ததோ, இனி தெரிய வழியில்லை.

நம் பாட்டிமார்களுக்கு நாட்குறிப்பு எழுதும் வழக்கம் இல்லை என்கிறார்கள். தொடர்கதையின் ஓரத்திலும், அட்டையின் உள்பக்கத்திலும், காலண்டரின் பின்புறத்திலும் அவர்கள் எழுதினார்கள். உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படி ஒரு கட்டு இருக்கலாம். எடைக்குப் போடுமுன் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பாருங்கள். வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், புதுக்கோட்டை ஞானாலயா போன்ற இடங்களைக் கேளுங்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் இப்படிப்பட்ட தாள்களைச் சேர்த்து வைத்ததால்தான் அந்த நூலகமே உருவானது. கொடுக்கும்போது ஓரத்து எழுத்தை அழித்துவிட்டுக் கொடுக்காதீர்கள். யார் எழுதியது, எந்த ஊர், எந்த வருஷம் என்று ஒரு தாளில் குறித்து உள்ளே வையுங்கள்.