கட்டுமரம் விலைக்கு!

ஆங்கில அகராதியில் ஏறிய தமிழ்ச் சொற்களை எண்ணிக்காட்டும் போது நம் பேராசிரியப் பெருமக்கள் ‘கட்டுமர’த்தை மறப்பதில்லை. அமெரிக்கரான நத்தானியேல் ஹெரஷாஃப் கட்டிய இரட்டை உடற்படகு ஒன்று 1876இல் நியூயார்க் பந்தயத்தில் மற்றப் பாய்ப் படகுகளை முந்தியது. அத்தகைய படகைத்தான் உலகம் இன்று ‘கேட்டமரான்’ என்கிறது. நம்முடையதோ, கயிற்றால் பிணைத்த மரங்களே! அச்சொல் மட்டுமன்று, அப்பொருளும் எங்கள் வீட்டில் இருந்தது. சென்ற கோடையில் அதை விற்றோம். அக்கதையைக் கூறவே இக்கட்டுரை.

மரக்காணத்தை அடுத்த குப்பம் எங்கள் ஊர். அங்கிருந்து திண்டிவனம் வந்து பயிலும் நானே எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள்.

கட்டுமரத்துக்கு ஆணி இல்லை, அடைக்க வேண்டிய ஓட்டையும் இல்லை. அலை ஒரு பக்கம் ஏறி மறு பக்கம் வழிந்துவிடும். மரத்தின் அடர்த்தி நீரினும் குறைவாக இருக்கும்வரை அது மிதக்கும். ஆனால் மரம் நீரைக் குடிக்கும், குடித்தால் கனக்கும். அதனால்தான் கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் காயவிடுவர். இயற்பியல் வகுப்பில் நான் எழுதிய இந்தச் சூத்திரத்தை, பள்ளிக்கூடம் போகாத என் தாத்தா வாழ்நாள் முழுவதும் கைக்கொண்டவர். எவ்வளவு களைத்து வந்தாலும் கட்டை அவிழ்க்காமல் கஞ்சி குடிக்கமாட்டார். முட்டி வலியால் கடலுக்குப் போவதை நிறுத்திய பின்பும் மரங்களைப் புரட்டிப் புரட்டி வைத்தார். பாயை வேப்பிலையிட்டு மடித்துப் பரணில் ஏற்றியிருந்தார். நான் இரண்டாம் வகுப்பில் படித்தபோது புதிதாய்ச் சேர்த்த மரங்கள் அவை, ஓரிடத்திலும் மக்கவில்லை.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்த பின் கரையெங்கும் பைபர் படகுகள் பெருகிவிட்டன. அப்பாவும் அப்படியொரு படகில் பங்குக்குத்தான் போகிறார். வீட்டில் கட்டுமரம் ஓட்ட ஆளில்லை. எனவே விற்பதென முடிவாயிற்று.

முதலில் விழுப்புரத்து மர வியாபாரி ஒருவர் வந்தார். ஒரு மரத்தைத் தட்டிப் பார்த்தார், ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தார். “லேசான மரம் பெரியவரே, சூளைக்குக்கூட நின்னு எரியாது” என்று மூவாயிரம் சொன்னார். எந்த லேசுக்காகத் தாத்தா அத்தனை ஆண்டு வெயிலில் காய வைத்தாரோ, அந்த லேசே அங்கே குறையாயிற்று!

அடுத்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஒரு விடுதியிலிருந்து வந்தார்கள். பன்னிரண்டாயிரம் தருவதாகச் சொன்னார்கள். மரங்களில் துளையிட்டு இரும்புக் கம்பியால் முறுக்கி, நீல வண்ணம் பூசி, வாசலில் பெயர்ப்பலகை தாங்க நிறுத்துவார்களாம்.

மூன்றாமவர் பக்கத்துக் குப்பத்துப் பெரியவர். தாத்தாவை ‘அண்ணே’ என்பவர். கரையோரம் தூண்டில் போடுபவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை, கட்டுமரத்துக்குத் தடையில்லை. அந்நாளில் மீனுக்கு நல்ல விலை கிடைக்கும் என்பது அவர் கணக்கு. ஏழாயிரம், அதுவும் இரண்டு தவணையில்!

“நீ படிச்சவ, நீ சொல்லு கண்ணு” என்றார் தாத்தா.

ஐயாயிரம் வேறுபாடு எங்களுக்குச் சிறு தொகையன்று. என்னைக் கல்லூரியில் சேர்க்க அடகு வைத்த அம்மாவின் கம்மல் மீளவில்லை. காதில் வேப்பங்குச்சிதான் இருந்தது. பன்னிரண்டாயிரம் வந்தால் அது மீண்டுவிடும். நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் மீன் கழுவிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

“மூணாமவருக்கே குடுங்க தாத்தா” என்றேன். பெயர்ப்பலகை தாங்குவதற்கு எந்த மரமும் போதும். அதற்குக் காய்ந்த மரம் எதற்கு? அன்று எனக்குத் தோன்றியது இவ்வளவுதான். அம்மா மீன் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

வாங்கியவரைத் தாத்தா சும்மா அனுப்பவில்லை. தம் கண்ணெதிரே கட்டச் சொன்னார், அவிழ்க்கச் சொன்னார், மறுபடியும் கட்டச் சொன்னார். முடிச்சை இழுத்துப் பார்த்த பிறகுதான் பாயைக் கொடுத்தார். அவர் கடல் வழியாகவே ஓட்டிக்கொண்டு போனார்.

இரண்டாம் தவணை ஆடியில் வந்தது. கூடவே ஒரு கூடை காரப்பொடி மீன். கம்மலுக்கு இன்னும் வட்டி கட்டி வருகிறோம்.