கொள்ளும் கடிவாளமும்

நம்மிடம் முதுகலை பயின்ற மாணவி ஒருத்தியின் தந்தை சென்ற சித்திரையில் நம் வீடு தேடி வந்திருந்தார். செக்கானூரணிக்கு மேற்கே நாலு ஏக்கர் தோட்டம் உடையவர். தண்ணீர்ச் செம்பைக் கீழே வைக்காமலே, "ஐயா, நீங்க சொன்னாத்தான் கேப்பா. ஆடிச் சந்தையில அந்தக் குதிரைய வித்துரச் சொல்லுங்க" என்றார். பெண்ணுக்கு வயது இருபத்தொன்பது. கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் வேலை. பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் விசாரிப்பதே கொட்டிலில் நிற்கும் குதிரையைப் பற்றித்தானாம். சொல்கிறோம் என்று ஒப்புக்கொண்டோம். குதிரையைப் பற்றி நமக்கு என்ன தெரியும் என்று அவரும் கேட்கவில்லை. நாமும் எண்ணிப் பார்க்கவில்லை.

தமிழ் படித்தவனுக்குக் குதிரை தெரியாதா என்ற இறுமாப்புதான். குதிரை மறம் என்னும் துறையைப் பதினெட்டு ஆண்டுகளாக நடத்தி வருகிறோம். உளுந்துச் சக்கை தின்ற சீறூர் மன்னனின் குதிரை படையைப் பிளந்துகொண்டு போக, நெய்ச்சோறு தின்ற பெருவேந்தரின் குதிரைகள் ஒதுங்கி நின்றதைப் பொன்முடியார் பாடியிருக்கிறார் (புறநானூறு 299). அதை விளக்கும்போது கடைசி வரிசை மாணவனும் நிமிர்ந்து உட்காருவான். போதாக்குறைக்கு நாம் இருப்பது மதுரை. சித்திரையில் அழகர் தங்கக் குதிரையில் வைகைக்கு வருகிறார். ஆவணி மூலத்தில் நரிகள் பரிகளாகின்றன. ஊருக்கு ஊர் ஐயனார் கோயிலில் மண்குதிரைகள் நிற்கின்றன. இவை யாவும் இலத்தி போடாத குதிரைகள் என்பது மட்டும் நமக்குத் தோன்றியதில்லை.

ஒரு ஞாயிறு விடியலில் தோட்டத்துக்குப் போனோம். நாலரை மணிக்கே அவள் கொட்டிலில் இருந்தாள். காது நுனிகள் இரண்டும் உட்புறமாக வளைந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் மார்வாரிக் குதிரை அது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கியது. இரவே ஊறவைத்த கொள்ளைப் பிழிந்து வைத்துவிட்டு, கால் காலாகத் தூக்கிக் குளம்புக்குள் அப்பியிருந்த மண்ணைக் கொக்கியால் தோண்டினாள். பிறகு உடம்பெல்லாம் தேய்த்தாள். சேணம் போடுமிடத்தில் முதுகை உள்ளங்கையால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். எங்காவது வலித்தால் தோல் சிலிர்க்குமாம். அன்றைக்குச் சேணம் கிடையாதாம். ஏறி உட்கார ஒரு மணி நேரம் ஆயிற்று. கொள்ளென்றால் வாயைத் திறந்து கடிவாளமென்றால் மூடிக்கொள்ளும் குதிரை என்று நாம் ஊரெல்லாம் பழித்து வைத்திருக்கிறோம் அல்லவா? இது கடிவாளத்துக்குத் தானே தலையைத் தாழ்த்திக் கொடுத்தது. அதற்குப் பதினான்கு மாதம் பிடித்தது என்றாள்.

அவள் பழகுவது டிரெஸ்ஸாஜ் என்னும் கலை. பழக்குதல் என்றே அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்குப் பொருள். ஓட்டமும் இல்லை, தாண்டலும் இல்லை. சமமான மண்தரையில் குறித்த இடத்தில் நடை, குறித்த இடத்தில் துள்ளுநடை, குறித்த இடத்தில் நிற்றல். ஒவ்வோர் அசைவுக்கும் நடுவர் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இடுவார். ஏறியிருப்பவர் என்ன செய்கிறார் என்பது பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியக்கூடாது. நாற்பது மீட்டர் நீளமும் இருபது மீட்டர் அகலமுமாகக் கடலைக்காட்டின் ஓரத்தைத் திருத்தி, எட்டுப் பெயிண்ட் டப்பாக்களைக் கவிழ்த்து வைத்து ஏ, கே, இ, எச் என்று எழுதியிருந்தாள். அவ்வெழுத்துகள் ஏன் அந்த வரிசையில் இருக்கின்றன என்பதற்கு உலகில் எவரிடமும் உறுதியான விடை இல்லையாம். நம் பாடத்திட்டம் நினைவுக்கு வந்தது. இராணுவக் குதிரைப்படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் முதலில் கற்றுக்கொடுத்திருக்கிறார். மீதி எல்லாம் காணொளிகள் பார்த்துக் கற்றது.

நாம் வரப்பில் அமர்ந்து பார்த்தோம். ஒரே வட்டம். இருபது மீட்டர் வட்டத்தை இடப்பக்கமாகப் பன்னிரண்டு முறை, வலப்பக்கமாகப் பன்னிரண்டு முறை. நமக்குச் சலித்துவிட்டது. இறங்கியதும், "இதில் என்னம்மா இருக்கிறது?" என்று கேட்டுவிட்டோம். அவள் சிரித்தாள். "மதுரைக்காஞ்சியில மண்டிலம் வருதுல்லய்யா. ஆதின்னு ஒரு கதியில குதிரை போகும்னு சொல்லிக் கொடுத்தீங்க. மண்டிலம்னா வட்டம்னு சொல்லிட்டு அடுத்ததுக்குப் போயிட்டீங்க. அந்த மண்டிலம் அடிபட்டதுன்னு ஒரு சொல் முன்னாடி இருக்கு. அடிபடணும்னா அதே தடத்துல எத்தன தடவ போயிருக்கணும்!"

நாம் பேசவில்லை. பதினெட்டு ஆண்டுகளாகத் தாண்டிப் போன ஒரு சொல்லில் அவள் ஐந்து ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறாள். வந்த காரியத்தை அன்றைக்குச் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறும் போனோம்; அன்றும் சொல்லவில்லை.

2023 செப்டம்பர் 26 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹிருதய் செடா, அனுஷ் அகர்வல்லா நால்வரும் 209.205 புள்ளிகளுடன் இக்கலையில் குழுத் தங்கம் பெற்றார்கள். குதிரையேற்றத்தில் நம் நாட்டுக்கு 41 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த தங்கம் அது. நோய்த்தடுப்பு விதிகளால் இந்தியாவிலிருந்து குதிரையைக் கொண்டுபோக வழியில்லாததால், அவர்கள் வீட்டைவிட்டு ஐரோப்பாவில் இருந்தபடியே தங்கள் குதிரைகளோடு பயின்றவர்கள். மீரட்டிலுள்ள இராணுவக் குதிரை மருத்துவ மையத்துக்கு நோயற்ற வளாகம் என்னும் பன்னாட்டு ஏற்பு 2025 ஜூலையில்தான் கிடைத்தது. அந்த ஹாங்சோ நாளில் இவள் சங்க அலுவலகத்தில் நகைக்கடன் இரசீது எழுதிக்கொண்டிருந்தாளாம். கைப்பேசியில் செய்தி பார்த்ததும் எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்று அழுதிருக்கிறாள். பொறாமையா என்று கேட்டோம். "இல்லய்யா. நம்ம நாட்டுலயும் இப்படி நாலு பேரு தெனமும் குளம்பு தோண்டுறாங்கன்னு தெரிஞ்சுது" என்றாள்.

ஆனி மாதத்தில் ஓரிரவு பத்து மணிக்கு அவளிடமிருந்து அழைப்பு. குதிரைக்கு வயிற்றுவலி. தோட்டத்து ஆள் பரிவோடு, ஒடித்துப் போட்டிருந்த பச்சை மக்காச்சோளக் கதிர்களைக் கூடை நிறைய வைத்துவிட்டான். குதிரைக்கு வாந்தி எடுக்க இயலாது. உள்ளே போனது குடலைக் கடந்தே தீரவேண்டும். நாம் போய்ச் சேர்ந்தபோது அது முன்காலால் தரையைப் பறித்துக்கொண்டும், கழுத்தைத் திருப்பித் தன் விலாவைப் பார்த்துக்கொண்டும் நின்றது. படுத்துப் புரளவிடாமல் அவள் நடத்திக்கொண்டிருந்தாள். மாட்டுக்குப் பார்க்கும் மருத்துவர்கள் இருவர், குதிரை பழக்கமில்லை என்று நேர்மையாகவே சொல்லிவிட்டார்கள். பழக்கமுள்ளவர் வந்துசேர ஒரு மணிக்கு மேல் ஆகும்.

அந்த இருட்டில் நமக்கு மார்க்கோ போலோ நினைவுக்கு வந்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்த அவர் எழுதி வைத்திருக்கிறார்: இங்குள்ள அரசன் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளைப் பொன் கொடுத்து வாங்குகிறான்; ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை; வளர்க்கத் தெரியாததாலும் மருத்துவம் பார்க்க ஆளில்லாததாலும் செத்துப்போகின்றன; விற்கும் வணிகர்களோ, மறுபடி விற்கலாமே என்று குதிரை மருத்துவர் எவரையும் இங்கே வரவிடுவதில்லை. பயணியின் கூற்றில் மிகை இருக்கலாம். ஆனாலும் குதிரை வாங்கப் போன வாதவூரரின் கதையை நாம் எத்தனை மேடைகளில் சொல்லியிருக்கிறோம்! திருவாதவூர் இங்கிருந்து ஒரு பேருந்துத் தொலைவுதான். நரி பரியாயிற்று, பரி மீண்டும் நரியாயிற்று என்று கைதட்டல் வாங்கிய நாம், அன்றிரவு அந்த நரிகளிடம் கடிபட்ட இலாயத்துக் குதிரைகளின் காயத்துக்கு யார் மருந்து வைத்தார்கள் என்று ஒருமுறையும் நினைத்ததில்லை.

"ஐயா, கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா?" என்று கயிற்றை நீட்டினாள். கைகள் நடுங்கத்தான் செய்தன. அந்த வட்டத்திலேயே நடத்தினோம். நிற்க முயன்றால் இழுத்தோம். முழங்கால் மடிந்தால் அதட்டினோம். அவள் தந்தை அரிக்கேன் விளக்கோடு கூடவே நடந்தார். ஒரு சொல் பேசவில்லை. ஒன்றரை மணிக்கு மருத்துவர் வந்து ஊசி போட்டு, மூக்கு வழியே குழாய் செலுத்தித் திரவ பாரஃபின் இறக்கினார். இனிக் காத்திருக்கவேண்டியதுதான் என்றார்.

மூன்றேமுக்காலுக்குக் குதிரை இலத்தி போட்டது. முதலில் பார்த்தவர் அவள் தந்தைதான். விளக்கைக் குனிந்து காட்டி, "போட்ருச்சு தாயி, போட்ருச்சு" என்று கத்தினார். அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

விடிந்து புறப்படும்போது அவர் வாசல்வரை வந்தார். "ஐயா, நான் ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லியிருந்தேன்..." என்று தொடங்கினார். "இன்னும் சொல்லவில்லை" என்றோம். செருப்பைக் காலால் தேடிக்கொண்டே, "சரி, இருக்கட்டும்" என்றார். பிறகு, மக்காச்சோளத்தை எந்த அறையில் வைத்துப் பூட்டுவது என்று மகளைக் கேட்க உள்ளே போனார்.