ஒலியில்லாக் கட்டைகள்

தொட்டால் ஒலிக்காத இசைக்கருவி ஒன்று உண்டு என்றால் நம்மில் பலர் வியப்படைவோம். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டைகள் இருக்கின்றன. அழுத்தினால் தாழ்கின்றன, விட்டால் எழுகின்றன. ஆயினும் உள்ளே தந்தியும் இல்லை, பித்தளை நாக்கும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. கணினியோடு இணைக்கும்வரை அது வெறும் பலகைதான். மிடி கீபோர்டு என்று அதற்குப் பெயர். எங்கள் பங்கின் பாடற்குழுவுக்கு அப்படி ஒன்றை வாங்கி, இசைப்பதிவு மென்பொருளுடன் பொருத்திய நாள்களில் நாங்கள் கற்றுக்கொண்டவற்றை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

வாங்கியதன் காரணத்தை முதலில் சொல்ல வேண்டும். எங்கள் குழுவில் ஆர்மோனியம் வாசிப்பவர் ஓய்வுபெற்ற உபதேசியார். எண்பது வயதைக் கடந்தவர். தவக்காலத்திலும் மாதா திருநாளிலும் எங்கள் ஊரில் பாடப்படும் பழைய பாடல்கள் பலவற்றின் சொற்கள் பாட்டுப் புத்தகத்தில் உள்ளன. மெட்டுகளோ அவருடைய விரல்களில் மட்டுமே உள்ளன. சுரம் எழுதி வைத்தவர் எவரும் இல்லை. அவருடைய பார்வை மங்கத் தொடங்கியபோது, அவருக்குப்பின் இந்த மெட்டுகள் என்னவாகும் என்ற கவலை எங்களைப் பிடித்துக்கொண்டது. கைப்பேசியில் பதிவு செய்தோம். கேட்பதற்கு அது போதும். ஆனால் கற்பதற்குப் போதவில்லை. விரைவாக வரும் சங்கதிகளில் எந்தக் கட்டைக்குப்பின் எந்தக் கட்டை விழுந்தது என்பதை இளையோரால் பிரித்தறிய முடியவில்லை. எங்களுக்கு வேண்டியிருந்தது ஒலியின் பதிவு மட்டுமன்று, விரலின் பதிவு.

மிடி என்பது உண்மையில் ஒரு மொழி. 1980-களின் தொடக்கத்தில் மின்னணு இசைக்கருவிகளைச் செய்த நிறுவனங்கள் தத்தமக்கென இணைப்பு முறைகளை வைத்திருந்தன. ஒருவர் செய்த கருவி மற்றவர் கருவியோடு பேசாது. அமெரிக்கரான டேவ் ஸ்மித், செட் வுட் என்பவருடன் சேர்ந்து 1981-இல் பொதுவான மொழி ஒன்றை முன்மொழிந்தார். ஜப்பானில் ரோலண்டு நிறுவனத்தைத் தோற்றுவித்த இக்குதாரோ காக்கேஹாஷியும் அதே நோக்கத்தோடு உழைத்தார். 1983 ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில், போட்டியாளர்களான இரு நிறுவனங்களின் கருவிகளை ஒரு கம்பி இணைத்தது. ஒன்றை வாசித்தபோது மற்றொன்றும் ஒலித்தது. அந்த மொழியைப் பயன்படுத்த எவரிடமும் உரிமைத்தொகை கேட்பதில்லை என்று வகுத்ததால்தான் அது உலகெங்கும் பரவியது. இருவருக்கும் 2013-இல் தொழில்நுட்பத்திற்கான கிராமி விருது வழங்கப்பட்டது. 2020-இல் அம்மொழியின் இரண்டாம் பதிப்பு வெளிவந்தபின்னும் முதற்பதிப்பு வழக்கில் இருக்கிறது.

அம்மொழியின் இலக்கணம் எளியது. ஒரு கட்டையை அழுத்தும்போது மூன்று எண்கள் மட்டுமே கம்பி வழியே செல்கின்றன. கட்டை அழுத்தப்பட்டது என்பதையும், பதினாறு தடங்களில் எதில் என்பதையும் முதல் எண் சொல்கிறது. எந்தக் கட்டை என்பது இரண்டாவது. நடு ஸ்தாயியின் ஒரு கட்டைச் சுருதிக்கு 60 என்று எண். கட்டை எவ்வளவு விரைவாகத் தாழ்ந்தது என்பது மூன்றாவது. 127 வரை அது செல்லும். விரலை எடுக்கும்போது இன்னொரு செய்தி போகிறது. அவ்வளவே. குறுந்தட்டின் தரத்தில் ஒரு நிமிட இசையைச் சேமிக்கக் கணினியில் ஏறத்தாழ 10 மெகாபைட் இடம் வேண்டும். ஒரு முழுப் பாடலின் மிடிப் பதிவுக்கோ சில கிலோபைட்டுகளே போதும். ஒலி அதில் இல்லாததே காரணம்.

பொருத்திய முதல் மாலையில் உபதேசியார் கட்டைகளை அழுத்தினார். திரையில் பச்சை விளக்கு மின்னியது, ஒலி எழவில்லை. "ஊமையாக இருக்கிறதே, தம்பி" என்றார். கருவியில் பழுது ஏதுமில்லை. மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் கீபோர்டை இயக்கத்தில் வைத்து, ஒரு தடத்தைத் திறந்து, அத்தடத்தின் உள்ளீடாக அதைக் காட்டியிருந்தோம். ஆகவே செய்தி வந்து சேர்ந்துவிட்டது; அதைக் கேட்டு ஒலியெழுப்ப அங்கே ஒருவரும் இல்லை. மென்பொருளுக்குள் இயங்கும் ஆர்மோனியம் ஒன்றை அத்தடத்தில் ஏற்றியதும் அறை நிறைந்தது. புதிதாகத் தொடங்குவோர் பலர் இந்த இடத்தில்தான் மனம் தளர்கின்றனர். விளக்கு எரிந்தால் கம்பியைச் சந்தேகிக்க வேண்டாம்; தடத்தில் கருவி உண்டா என்று பார்த்தால் போதும்.

அடுத்த தடை தாமதம். விரல் தாழ்ந்து சற்றே கழிந்து ஒலி வந்தது. உபதேசியார் தாளம் தடுமாறினார். கணினி ஒலியைச் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி அனுப்புகிறது. நொடிக்கு 44,100 துளிகள் என்ற கணக்கில், பொட்டலம் ஒன்றுக்கு 1,024 துளிகள் என்றால் அந்த ஒரு படியிலேயே 23 மில்லிநொடி கழிகிறது. காற்றில் ஒலி அந்நேரத்தில் எட்டு மீட்டர் தூரம் சென்றுவிடும். அதாவது, தம் ஆர்மோனியம் எட்டு மீட்டர் தள்ளி ஒலிப்பதுபோல் வாசிப்பவர் உணர்வார். அதற்கெனவே அமைந்த ஒலி இயக்கியை நிறுவி, பொட்டலத்தை 256 துளிகளாகக் குறைத்தோம். ஆறு மில்லிநொடிக்கும் குறைந்தது. அவர் முகம் தெளிந்தது. மிகவும் குறைத்தால் கணினி ஈடுகொடுக்க முடியாமல் ஒலியில் வெடிப்புச் சத்தம் கேட்கும். அவரவர் கணினிக்கு ஏற்ற நடுவழியைத் தேடிக்கொள்ள வேண்டும்.

இவை பழகிய பின்னரும் அவர் வாசிப்பு அவருடையதாக இல்லை. ஒரு சுரம் ஓங்கியது, அடுத்தது மங்கியது. காரணம் புரியச் சற்று நேரமாயிற்று. பியானோவில் கட்டையை விரைந்து அழுத்தினால் ஒலி பெரிதாகும். மிடி கீபோர்டு அந்த மரபில் வந்தது. ஆர்மோனியத்திலோ எப்படி அழுத்தினாலும் ஒலி ஒன்றே. ஏற்றமும் இறக்கமும் இடக்கை இயக்கும் துருத்தியில் இருக்கின்றன. அறுபது ஆண்டுகளாக விரலின் வேகத்தைப் பற்றி நினைத்தே பாராத ஒருவரிடம், கருவி அந்த வேகத்தைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தது. அவருடைய இடக்கையோ அவரை அறியாமலே காற்றில் அசைந்துகொண்டிருந்தது. "இந்தக் கைக்கு வேலை இல்லையே, தம்பி" என்றார்.

பியானோவின் பழக்கத்திற்கு அவரை மாற்றிவிடலாம் என்று எங்களில் ஒருவர் சொன்னார். எண்பது வயதில் எதற்காக மாற வேண்டும் என்று மற்றவர்கள் கேட்டோம். கருவியை மாற்றினோம். கட்டையின் வேகத்தைப் பொருட்படுத்தாமல் எப்போதும் ஒரே எண்ணை அனுப்புமாறு அமைத்தோம். கட்டைகளின் இடப்புறத்தில் இரண்டு சக்கரங்கள் உள்ளன. ஒன்று விட்டவுடன் நடுநிலைக்குத் திரும்பிவிடும். சுரத்தை வளைப்பதற்கு உரியது. மற்றது வைத்த இடத்தில் நிற்கும். அந்த இரண்டாம் சக்கரத்தை, ஒலியின் ஏற்ற இறக்கத்தை ஆளும் பதினோராம் எண் கட்டளையோடு இணைத்தோம். துருத்திபோல் பின்னால் இல்லாமல் பக்கத்தில் இருந்ததும், காற்று குறைந்து தானே தணியாததும் அவருக்குப் புதிது. இரண்டு மாலைகளில் கை பழகிவிட்டது. மூன்றாம் மாலையில் அவர் வாசித்த தவக்காலப் பாடலைக் கேட்டு, வெளியே செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் உள்ளே வந்து அமர்ந்துவிட்டார்.

கணினி இசை அந்நியமானது என்று எங்களிடம் வருந்தியோர் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்வோம். ஆர்மோனியமும் ஐரோப்பாவிலிருந்து வந்ததே. 19-ஆம் நூற்றாண்டில் கல்கத்தாவில்தான் தரையில் அமர்ந்து வாசிக்கும் உருவத்தை அது பெற்றது. நம் இசையின் நுண்சுரங்களும் கமகங்களும் அதில் வாரா என்று 1940-இல் வானொலி நிலையங்கள் அதை ஒலிபரப்பிலிருந்து விலக்கின. 1971-இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. இன்று அதை அந்நியம் என்று நம் ஊரில் யார் சொல்வர்? மடியில் வைத்து வாசித்த கைகள் அதை நம்முடையதாக்கிவிட்டன.

பதிவு முடிந்ததும் வேறொரு கேள்வி எழுந்தது. தாளம் பிசகிய சுரங்களை அளவுகோடுகளில் ஒட்டி நிறுத்தும் வசதி மென்பொருளில் உண்டு. மூலத்தைப் பத்திரப்படுத்திவிட்டு, ஒரு படியில் அதைச் செய்து பார்த்தோம். எல்லாம் நேராயிற்று. ஆனால் அதற்கேற்பப் பாடியபோது ஒவ்வோர் அடியின் முடிவிலும் எங்களுக்கு மூச்சு முட்டியது. உபதேசியார் அடிதோறும் இறுதிச் சுரத்தில் சற்றே தங்குவார். மக்கள் மூச்சு வாங்க அவர் விடும் இடம் அது. கணினியின் கணக்கில் அது பிசகு. ஆகவே ஒரு சுரத்தையும் நகர்த்தாமல் அவர் வாசித்தபடியே வைத்துக்கொண்டோம்.

இந்தப் பதிவுகளை ஆலயத்தில் ஒலிக்கவிட்டுப் பாடலாமே என்ற யோசனையும் வந்தது. திருவழிபாட்டில் தானியங்கிக் கருவிகளுக்கும் பதிவு செய்த இசைக்கும் இடமில்லை என்று 1958-இல் உரோமை வெளியிட்ட அறிவுரை கூறியதைப் பங்குத்தந்தை நினைவூட்டினார். எங்களுக்கும் அந்த எண்ணம் இல்லை. ஞாயிறுதோறும் ஆர்மோனியத்தின் துருத்தியை ஒரு கை இயக்கவே செய்கிறது.

அந்தக் கை இப்போது சில ஞாயிறுகளில் பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தியுடையது. பள்ளி முடிந்து வந்து அவள் கணினியின் முன் அமர்கிறாள். சுருதி மாறாமல் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, திரையில் ஒவ்வொரு கட்டையும் விழும் இடத்தைப் பார்த்துப் பழகுகிறாள். கடினமான சங்கதியை நூறு முறையும் கேட்கலாம், கணினி சலிப்பதில்லை. பிறகு உபதேசியாரின் வீட்டுத் திண்ணைக்குச் சென்று அவர்முன் வாசித்துக் காட்டுகிறாள். கண்ணுக்கு அவள் விரல்கள் தெளிவாகத் தெரிவதில்லை என்பதால், அவர் செவியைச் சாய்த்துக் கேட்கிறார். அடியின் முடிவில் அவள் தங்காமல் விரைந்தால் மட்டும் கையை உயர்த்தி நிறுத்துகிறார்: "பாடுகிறவர்களுக்கு மூச்சு விடு, அம்மா."