மலையின் மறுபுறம்

ஆரணியினின்று போளூர் வழியே சென்றால் பருவதமலையை அடையலாம். அதன்மேல் ஏறக் கடலாடியினின்று ஒரு வழியும், தென்மாதிமங்கலத்தினின்று ஒரு வழியும் உண்டு. ஒன்றில் ஏறி மற்றொன்றில் இறங்கினால் மலையின் இருபுறமும் காணலாம். ஆயின், வண்டியை எவ்வூரில் நிறுத்துவது?

சென்ற ஆண்டு ஓர் அமாவாசையன்று, தறிக்கு ஓய்வாதலின், என் பழைய மாணாக்கராகிய நெசவாளர் அறுவர் என்னையும் உடன் அழைத்தனர். அவருள் ஒருவர் மறுநாட் காலையில் முகூர்த்தப் புடவையொன்றை அறுத்துக் கொடுத்தல் வேண்டும். இரவு எங்கும் தங்க இயலாது. இறங்கியபின் பேருந்தைப் பிடிக்கலாம் என்றார் ஒருவர். பேருந்தின் நேரத்துக்கு அஞ்சிப் படிகளில் விரைந்தால் என் முழங்கால் என்னாகும்! எனவே வேன் ஒன்றை அமர்த்தினோம். ஓட்டுநர் எம்மைக் கடலாடியில் இறக்கிவிட்டு, மலையைச் சுற்றிச் சென்று மறுபுறம் காத்திருத்தல் வேண்டும். மலைமேல் கைப்பேசியை நம்பலாகாது. ஆதலின் இடத்தையும் மாலை 5 மணி என்னும் நேரத்தையும் முன்னரே குறித்தோம். 7 மணிக்குள் யாம் வாராவிடின் ஊராரிடம் உரைக்குமாறும் சொல்லிவைத்தோம்.

மலைபடுகடாம் கூறும் நவிரமலை இதுவே என்பர். கூத்தர்க்கு வழியும் உணவும் இடரும் விரித்துரைத்த அந்நூற்புலவர், மீளும் ஊர்தியைப் பற்றிக் கவன்றாரல்லர். நன்னன்தான் தேரும் களிறும் புரவியும் பரிசிலாக நல்குவானே! எமக்கு வேனே தேர்.

யாம் அடிவாரம் சேர்ந்தபோது மணி 6. குறித்த இடத்தில் வண்டி நின்றது. மறுநாட் காலை அப்புடவையும் தறியினின்று இறங்கியது.