வண்டியின் பெயர்

பெயர் ஆராய்ச்சி எனக்குப் பழைய வியாதி. ஊர்ப் பெயராக இருந்தாலும் சரி, மனிதர் பெயராக இருந்தாலும் சரி, பொருள் தெரியாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. சில நாட்களாக அந்த வியாதி மோட்டார் வண்டிகளின் மேல் திரும்பியிருந்தது.

செம்மநத்தத்தில் நண்பர் ஒருவரின் காப்பித் தோட்டத்துக்குப் போகச் சேலத்தில் ஒரு வண்டி அமர்த்தினேன். ஓட்டியவர் செம்மநத்தத்துக்காரர், வயது அறுபது இருக்கும். சேர்வராயன் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அத்தனை நேரம் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியுமா?

"முன்னால் போகிற பஸ் அசோக் லேலண்டு. அசோக் யார், சொல்லுங்கள் பார்ப்போம்" என்றேன்.

"சக்கரவர்த்திங்களா?"

"அதுதான் இல்லை. ரகுநந்தன் சரண் என்பவர் 1948-இல் சென்னையில் கம்பெனி ஆரம்பித்தபோது தம் ஒரே மகனின் பெயரை வைத்தார். லேலண்டு இங்கிலாந்தில் ஓர் ஊர். அந்த ஊர்க் கம்பெனி 1955-இல் வந்து சேர்ந்துகொண்டது."

அவர் தலையை ஆட்டினார். எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. 1994-இல் வந்த சுமோ, ஜப்பான் மல்லரைக் குறிப்பதல்ல என்றேன்; டாட்டா மோட்டார் தொழிலை வளர்த்த சுமந்த் மூல்காவ்கரின் பெயரிலிருந்து தலையெழுத்துகளைச் சேர்த்து வைத்தது என்றேன். 1974-இல் வந்த பத்மினி கார் நம் சினிமா நடிகையின் பெயரல்ல, ராஜபுத்திர ராணியின் பெயர் என்றேன். அம்பாசிடருக்கு மூதாதை மாரிஸ் ஆக்ஸ்போர்டு. மாரிஸ் மனிதர், ஆக்ஸ்போர்டு அவர் கார் செய்த ஊர் என்றேன்.

"நம்ம வண்டிக்கு என்னங்க அர்த்தம்?"

அது பொலிரோ. "ஸ்பெயின் தேசத்து நடனம் ஒன்றுக்கு அந்தப் பெயர்."

"அதான் வளைவுக்கு வளைவு ஆடுது" என்று சிரித்தார்.

செம்மநத்தத்தில் இறங்கியபோதுதான் கவனித்தேன். முன்கண்ணாடிக்கு மேல் மஞ்சள் எழுத்தில் ஒரு பெண்ணின் பெயர். அதற்கும் ஒரு கதை இருக்கும் என்று ஆராய்ச்சிக்காரனின் ஆவலோடு, "இது யார்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் தோள் துண்டை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். அதில் தூசி ஒன்றும் இல்லை.

"நம்ம பாப்பாங்க. ஒரு ராத்திரி வயித்து வலின்னு துடிச்சுது. வண்டி எதுவும் கிடைக்கல. கம்புல தூளி கட்டித் தூக்கிக்கிட்டுப் போனோம். பாதி வழிதாங்க போக முடிஞ்சுது."

நான் பேசவில்லை.

"அப்புறம் கடனை வாங்கி இதை எடுத்தேன். ராத்திரியில ஆஸ்பத்திரிக்குன்னு வந்தா காசு வாங்கறதில்லீங்க. அது பேரைப் போட்டுட்டு வாங்க முடியுங்களா?"

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. மகன் பெயரைக் கம்பெனிக்கு வைத்த ஒரு தகப்பனாரைப் பற்றி மலையடிவாரத்தில் இவருக்கே பாடம் நடத்தினேனே, அதை நினைத்துக் கூசினேன்.

தங்கியிருந்த நாலு நாளும் அந்த ஊரில் ஒருவர்கூடப் பொலிரோ என்று சொல்லக் கேட்கவில்லை. மூன்றாம் நாள் இரவு மழையில், பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிழவியின் குரல் கேட்டது.

"பாப்பாவைக் கூப்பிடுங்கடா!"

சற்று நேரத்தில் வண்டி வந்து நின்றது.