எழுபத்திரண்டு கைகள்

ஆராய்ச்சிக் கூடத்தில் நான் நாள்தோறும் கையாளும் வெண்களிமண்ணுக்குக் 'கேயோலின்' என்று பெயர். இது கிரேக்கச் சொல்லும் அன்று. இலத்தீன் சொல்லும் அன்று. சீன நாட்டின் ஜியாங்சி மாகாணத்தில் ஜிங்தேஜென் என்றொரு நகரம் உண்டு. அதனை அடுத்துள்ள சிற்றூர் காவோலிங். 'உயர்ந்த மேடு' என்பது அச்சொல்லின் பொருள். அந்த மேட்டில் வெட்டிய மண்ணே சீனப் பீங்கானுக்கு எலும்பாக அமைந்தது. தாந்த்ரகோல் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் அந்நகரத்துத் தொழிலை நுணுகி ஆராய்ந்து, 1712-ஆம் ஆண்டிலும் 1722-ஆம் ஆண்டிலும் ஐரோப்பாவுக்கு நீண்ட கடிதங்கள் எழுதினார். அதன் பின்னர் அச்சிற்றூரின் பெயர் கடல் கடந்து, பாடநூல்களில் ஏறி, இன்று நம் கூடத்துப் புட்டிகளின் மேல் ஒட்டியிருக்கிறது.

ஜிங்தேஜென் நகரை நான் நேரிற் கண்டதில்லை. ஆயினும் அதைப் பற்றிக் கிடைத்தவற்றை எல்லாம் இரண்டாண்டுகளாகப் படித்து வருகிறேன். அதற்குத் தேர்வு மட்டும் காரணம் அன்று. நான் பானை வனையும் குடும்பத்திற் பிறந்தவன். மானாமதுரைப் பக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இன்றும் ஒரு சூளை இருக்கிறது.

1004-ஆம் ஆண்டில் சோங் மரபுப் பேரரசர் ஒருவரின் ஆட்சிக் காலப் பெயரே அந்நகருக்கு இடப்பட்டது. மிங், சிங் மரபுகளின் காலத்தில் அரண்மனைக்கு வேண்டிய பீங்கான் கலங்கள் அங்கிருந்து சென்றன. 1637-இல் வெளிவந்த சீனத் தொழில்நூல் ஒன்றில், சொங் யிங்சிங் என்னும் அறிஞர் அங்குள்ள முறையை விளக்குகிறார். ஒரு கிண்ணம் முழுமை பெறுவதற்குள் 72 கைகள் மாறுகிறதாம்! கல்லை இடிப்பவர், மண்ணைக் கரைப்பவர், சக்கரத்தில் வனைபவர், உலர்ந்ததைச் சீவி மெல்லிதாக்குபவர், நீலக் கோடு தீட்டுபவர், கோட்டுக்குள் வண்ணம் நிரப்புபவர், கண்ணாடிப் பூச்சில் தோய்ப்பவர், சூளையில் அடுக்குபவர், தீயின் நிறத்தைக் கண்ணாற் பார்த்தே வெப்பம் கணிப்பவர் என்று அந்த வரிசை நீள்கிறது. ஒருவர் வேலையை மற்றவர் செய்வதில்லை. ஒரு கை நின்றுவிட்டால் கிண்ணமும் நின்றுவிடும்.

இந்த வரிசையை இருபதாம் நூற்றாண்டு கலைத்துப் போட்டது. 1949-க்குப் பின் அரசாங்கம் சிறு பட்டறைகளை ஒன்று சேர்த்துப் பெரிய பீங்கான் ஆலைகளை அமைத்தது. நிலக்கரிச் சூளைகளும் புகைபோக்கிகளும் எழுந்தன. ஆலைகளில் மாதச் சம்பளமும் குடியிருப்பும் கிடைத்தன. ஆனால் 1990-களில் புதிய சந்தைப் பொருளாதாரத்தின் முன் அவ்வாலைகள் நிற்கவில்லை; ஒன்றன் பின் ஒன்றாக மூடப்பட்டன. பல்லாயிரம் தொழிலாளர்கள் வேலை இழந்தனர். ஹெலிகாப்டர் செய்யும் ஆலையும் உள்ள நகரம் அது. பீங்கானை விட்டுவிட்டு வேறு வழி நோக்கியிருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். அவ்வாறு நிகழவில்லை. ஏன்?

அரசாங்கம் செய்தவற்றை முதலிற் சொல்லிவிடலாம். 2006-இல் ஜிங்தேஜென் கைத்தொழில் முறை தேசியப் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் இடம் பெற்றது. 2009-இல் பழைய விறகுச் சூளையொன்றை மீண்டும் மூட்டினர். 1958-இல் தொடங்கி மூடப்பட்ட 'யூசோ' ஆலையின் கட்டடங்களையும் புகைபோக்கிகளையும் இடிக்காமல் காத்து, 2016-இல் 'தாவ்சிசுவான்' என்ற கலைக்கூடப் பகுதியாகத் திறந்தனர். அரசவைச் சூளைகள் இருந்த இடத்தருகே, செங்கல் வளைவுகளால் ஆன அருங்காட்சியகம் எழுந்திருக்கிறது. பழஞ்சூளைகளின் செங்கற்களும் அதில் பயன்பட்டுள்ளன. இது புதுமை அன்று. சூளையைப் பிரித்துக் கட்டும்போதெல்லாம் கழிந்த செங்கல்லைக் கொண்டு வீட்டுச் சுவர் எழுப்புவது அவ்வூர் வழக்கம்.

இவையெல்லாம் போற்றத்தக்கனவே. ஆயினும் சுவரைக் காப்பது வேறு. கையைக் காப்பது வேறு. பணமிருந்தால் சுவர் நிற்கும். கை நிற்க வேண்டுமானால் அந்தக் கைக்கு நாளும் வேலை வேண்டும். வேலைக்குக் கூலி வேண்டும்.

ஜிங்தேஜென் பிழைத்தது அந்த வழியில்தான். வேலை இழந்த வனைவோரும் தீட்டுவோரும் கொட்டகைகளை வாடகைக்கு எடுத்துச் சிறு பட்டறைகளைத் தொடங்கினர். ஒருவர் வனைவதை மட்டும் செய்தார். அடுத்த தெருக்காரர் சீவுவதை மட்டும் செய்தார். சூளை கட்ட முடியாதவர், கூலிக்குச் சுடும் பொதுச் சூளையில் தமக்கு வேண்டிய தட்டுக்கு மட்டும் பணம் கொடுத்துத் தம் கலங்களை வைத்தார். எரிவாயுச் சூளை வந்ததால் இது இன்னும் எளிதாயிற்று. நண்பர்களே, இதனைக் கருதிப் பாருங்கள். பைன் மர விறகை விட்டு எரிவாயுவுக்கு மாறியதைப் பழமை அழிந்தது என்று சிலர் வருந்தலாம். ஆனால் அந்த நவீனச் சூளையே பழைய 72 கைகளுக்கும் சோறு போட்டது.

பிறகு வெளியூர் இளைஞர்கள் வந்தனர். அவர்களை 'ஜிங்பியாவ்' என்கின்றனர். ஜிங்தேஜென்னில் மிதந்து வந்து ஒதுங்கியவர்கள் என்பது பொருள். கல்லூரியில் கலை பயின்ற அவர்கள், முதிய தொழிலாளரிடம் சென்று, "இந்த அளவில் வனைந்து கொடுங்கள்" என்று கேட்டு வேலை கொடுத்தனர். அவர்களை அந்நியர் என்று ஒதுக்க இடமில்லை. பழைய நாளிலும் சூளைத் தொழிலில் மேலோங்கி நின்றவர் பலர் துசாங் என்னும் வேற்றூரிலிருந்து பிழைக்க வந்தவரே. உள்ளூர்ப் பண்பாடு என்று நாம் போற்றுவதே வந்தேறிகளின் உழைப்பால் விளைந்தது. ஊரை விட்டு இங்கே வந்து படிக்கும் நமக்கு இது சிந்திக்கத் தக்கது.

குறைகளும் இல்லாமல் இல்லை. சுற்றுலாப் பயணிகளுக்கான மலிந்த சரக்கும், பழம்பொருள் போன்ற போலிகளும் அங்கே மிகுதி. என்றாலும், விற்பனை இருப்பதால் கை இருக்கிறது. கை இருப்பதால் நல்ல கலமும் பிறக்க வழி இருக்கிறது.

இனி என் வீட்டுச் செய்தி. சென்ற பொங்கல் விடுமுறையில் என் சித்தப்பா கேட்டார்: "ஏப்பா, நீ மண்ணைப் பத்தித்தானே படிக்கிற? இந்தச் சூளையை வச்சுக்கிறதா, இடத்தை வித்துப்புடறதா? ஒரு வார்த்தை சொல்லு."

உள்ளே கல்லைப் பிடித்து வெளியே பலகையால் தட்டித் தட்டி அவர் பானை எழுப்பும் ஓசை, நான் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தது. "விற்காதீர்கள், அது நம் பண்பாடு" என்று சொல்வது எனக்கு எளிது. விறகு விலையைக் கொடுப்பவர் அவரல்லவா? ஆகவே நான் கேள்விகளையே கேட்டேன். மண் அடித்துத் தர ஆள் உண்டா? மிதிக்க ஆள் உண்டா? ஆண்டு முழுவதும் வாங்குவோர் உண்டா? தெருவிலுள்ள மூன்று வீட்டாரும் சேர்ந்து ஒரே சூளையில் கூலிக்குச் சுட்டால் விறகு மிஞ்சாதா? ஜிங்தேஜென் கதையையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பேசிப் பாக்குறேன். ஆனா நீ வந்து நிப்பியா?" என்றார்.

விடுமுறைதோறும் வந்து, சூளைக்குள் வெப்பத்தை அளந்து, எந்த மூலையில் ஏன் பானை வெடிக்கிறது என்று கண்டு சொல்கிறேன் என்றேன். அதற்கு மேல் வாக்களிக்க என்னால் இயலவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. இடம் இன்னும் விலைபோகவில்லை. மூன்று வீட்டாரின் பேச்சும் இன்னும் முடியவில்லை.

நம் சங்கத்தில் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறீர்கள். தச்சர், பாத்திரத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறீர்கள். மேடையேறித் தொழிலின் பெருமை பேசுவதற்கு முன், ஊருக்குச் செல்லும்போது ஒரு கணக்கு எடுத்து வாருங்கள்: உங்கள் தொழிலில் ஒரு பொருள் எத்தனை கைகள் மாறுகிறது? அவற்றுள் எந்தக் கைக்குக் கூலி நின்றுபோயிற்று? அந்த ஓரிடத்தில் நாம் கற்ற கல்வி உதவக் கூடுமானால், நாம் செய்ய வேண்டிய வேலை அங்கேதான் இருக்கிறது.