ஒருத்திக்கு மட்டுமா தூய்மை?

வெண்பட்டு, முகம் மறைக்கும் மெல்லிய திரை, கரத்திலே மலர்க்கொத்து. தேவாலயத்தில் மணமகள் நடந்து வரும் காட்சி கண்ணுக்கு இனியது. அந்த வெண்மை எதைக் குறிக்கிறது? தூய்மையைக் குறிக்கிறதாம்! நன்று. மணமகன் மட்டும் கருநிற உடையிலே நிற்கிறானே, அது எதைக் குறிக்கிறது என்று கேட்டோம். சிரித்தார்கள், விடை வரவில்லை.

அன்று நடந்தது, நம்மோடு ஆசிரியப் பணி புரியும் தோழியின் திருமணம். எபேசியருக்குப் பவுல் எழுதியதாகக் கூறப்படும் மடலின் ஐந்தாம் அதிகாரத்தை ஆயர் விரித்துரைத்தார். மனைவி கீழ்ப்படிய வேண்டும் என்பதற்குக் கால்மணி நேரம். கணவன் அன்பு செலுத்த வேண்டும் என்பதற்கு ஒரே மூச்சு! வீடு திரும்பியதும் அம்மடலை எடுத்துப் படித்தோம். பகுத்தறிவு பேசுவோர் மறைநூலைத் தொடலாகாது என்று தடையில்லையே! மனைவிக்கென மூன்றே வசனங்கள். கணவனுக்குச் சொன்னதோ அதனினும் இருமடங்குக்கு மேல் நீள்கிறது. சபைக்காக ஏசு தம்மையே தந்ததுபோல் மனைவிக்காகக் கணவன் தன்னைத் தர வேண்டும் என்கிறது மடல். அதுமட்டுமன்று, சபை முன்னரே மாசற்றிருந்ததால் அவர் அதனை நேசித்தார் என்று அங்கே எழுதப்படவில்லை. நேசித்தார், அதனால் மாசு நீக்கினார் என்றே இருக்கிறது. அன்பு முன்னே, தூய்மை பின்னே! கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடல் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. மனைவியின் உடல்மீது கணவனுக்குள்ள உரிமை, கணவனின் உடல்மீது மனைவிக்கும் உண்டு என்று அது துணிந்து கூறுகிறது.

ஏட்டிலே இப்படி. நாட்டிலே எப்படி?

1869ஆம் ஆண்டு ஆங்கிலேயர் இங்கே மணமுறிவுச் சட்டம் ஒன்றை இயற்றினர். கிறித்தவர்களுக்கான சட்டம் அது. மனைவி ஒருமுறை நெறி தவறினாள் என்று மெய்ப்பித்தால் போதும், கணவனுக்கு விடுதலை! கணவன் நெறி தவறினால்? அது மட்டும் போதாது. அதனோடு கொடுமையும் செய்திருக்க வேண்டும். அல்லது ஈராண்டு கைவிட்டிருக்க வேண்டும். அல்லது வேறு சில பெருங்குற்றங்கள் சேர வேண்டும். மனைவியோடு உறவு கொண்டவனிடம் கணவன் இழப்பீடு கேட்கவும் அச்சட்டம் வழி வகுத்தது. ஆம், வேலி தாண்டி வந்த மாட்டுக்காரனிடம் தண்டம் கேட்பது போல! பெண் அங்கே மனைவியா, விளைநிலமா?

இதற்கு முன்மாதிரியாய் நின்றது இங்கிலாந்தின் 1857ஆம் ஆண்டுச் சட்டம். அங்கே 1923இலேயே இந்த ஓரவஞ்சனையை ஒழித்துவிட்டனர். கொடுத்தவன் கைவிட்ட பின்னும் நாம் கட்டிக் காத்தோம். 1995இல் கேரள உயர்நீதிமன்றம் இதனைச் சாடித் தீர்ப்பளித்தது. நாடு முழுமைக்கும் மாற்றம் வந்தது 2001இல்தான். நாம் தொட்டிலில் கிடந்த காலம்! இழப்பீட்டுப் பிரிவும் அப்போதே நீக்கப்பட்டது.

இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் மேலைமரபுக் கோட்பாட்டின்படி, திருமணத்தை நடத்துபவர் குரு அல்லர்; மணமக்களே ஒருவர்க்கொருவர் அதை வழங்கிக்கொள்கின்றனர். குரு திருச்சபையின் சாட்சி. இருவர் உள்ளம் ஒப்புவதே மணம் என்னும் இக்கருத்தைச் சுயமரியாதைத் திருமண மேடையில் கேட்டு எத்தனை பேர் முகம் சுளித்தனர்! அண்ணாவின் ஆட்சியில் 1967இல் சட்டம் இயற்றித்தான் அத்திருமணத்துக்கு ஏற்பு தேட வேண்டியிருந்தது.

நம் தெருவிலே ஓர் அம்மையார் உண்டு. வயது எழுபதைக் கடந்தவர். அவர் கணவர் பக்கத்து ஊரிலே இன்னொரு குடும்பம் வைத்திருந்தார். அடித்ததில்லை, மாதம் இருமுறை வருவார், செலவுக்குப் பணமும் தருவார். 1980களில் அம்மையார் வழக்கறிஞரை நாடினார். "கொடுமையும் இல்லை, கைவிடவும் இல்லை, பிரிந்து வாழ ஆணை பெறலாம் அம்மா, மணவிடுதலை கிடைக்காது" என்றாராம் அவர். ஆயரிடம் போனார்; பொறுமையாய் இரு, ஜெபம் செய் என்று அனுப்பிவிட்டார். ஒவ்வொரு ஞாயிறும் இரண்டாம் வரிசையில் அம்மையார் அமர்ந்திருப்பார். கிறிஸ்துமஸ் நாளில் கணவரும் வருவார். அதே ஆயர் கையால் திருவிருந்தும் பெறுவார். "எனக்கு முன்னால் போய் முழங்காலிடுவார் தம்பி, ஆண்கள் வரிசைதானே முதலில்" என்றார் அம்மையார்.